கேட்டுக்கு வெளியே பத்து நிமிஷம்

போன நவம்பர் மாசம் முழுக்க ஊர்ல இருந்தேன். ஊர்னா ராமேஸ்வரம். அக்காவுக்கு ரெண்டாவது பிரசவம், மச்சான் குவைத்துல, அப்பாவுக்கு மூட்டு வலி, அம்மா ஒரு ஆளா எத்தனையைத்தான் பார்ப்பாங்க? ஆபீஸ்ல டேமேஜர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி, வீட்ல இருந்தே ஆணி புடுங்க அனுமதி வாங்கிட்டு சேது எக்ஸ்பிரஸ் ஏறிட்டேன். (2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயிலை நிறுத்தினாங்க. 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறக்கிற வரைக்கும் அக்கரையிலேயே இறங்கி பஸ் பிடிக்கணும். இப்போ தூங்கி முழிச்சா ஊருக்குள்ள வந்து நிக்குது. அந்த சுகம் தீவுக்காரனுக்குத்தான் தெரியும்.)

வீட்ல எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. அக்கா பொண்ணைக் காலையில ஸ்கூல்ல விட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வரணும். ரெண்டாம் வகுப்பு. பேரெல்லாம் எதுக்கு, குட்டின்னே வச்சுக்குவோம். நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்சு, அஞ்சாறு வருஷமா பொட்டி தட்டுற நமக்கு இதெல்லாம் ஒரு வேலையா அப்படின்னுதான் முதல்ல நினைச்சேன்.

ஸ்கூல் இருக்கிற ரோட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நான் படிச்ச காலத்துல இந்த ஊர்ல சாயங்காலம் நாலு மணின்னா, கோயில் பக்கம் தவிர மத்த ரோடெல்லாம் மாடும் நாங்களும்தான். 2017 ஜூலைல முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு திறந்தாங்க. அதுக்கு முன்னாடி தனுஷ்கோடிக்குப் போகணும்னா மணல்ல தட்டுத் தடுமாறிப் போற வேன்ல ஏறணும், இல்லைன்னா நடக்கணும். இப்போ மதுரையில கிளம்புற கார் நேரா கடல் முனையில போய்த்தான் நிக்குது. ஊருக்கு வருமானம், நல்ல விஷயம், குறை சொல்லல. ஆனா சாயங்காலம் செக்போஸ்ட் மூடுறதுக்குள்ள அரிச்சல்முனையைப் பார்த்துடணும்னு இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி முடிச்ச ஈரத் தலையோட ஒரு கூட்டம் பறக்கும் பாருங்க, அதே நேரத்துலதான் ஸ்கூல் மணி அடிக்கிறாங்க. வர்ற டிரைவருக்கு இங்க ஒரு ஸ்கூல் இருக்குன்னே தெரியாது. அவர் கண்ணு கூகுள் மேப்ல, மத்தவங்க கண்ணு கடல்ல.

கேட்டுக்கு முன்னாடி நடக்கிறதைப் பார்க்கணுமே. ஒரு பக்கம் ஷேர் ஆட்டோ, ஒரு பக்கம் வேன், நடுவுல ஒரே ஸ்கூட்டர்ல மூணு பிள்ளைகளை அடுக்கிட்டு வர்ற அப்பா, ரிவர்ஸ் எடுக்கிற மாருதி. எங்க ஊர்க்காரர் கலாம் சின்ன வயசுல பேப்பர் போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ராமேஸ்வரத்துல ரயில் நிக்காம போனதால, ஓடுற ரயில்ல இருந்து பேப்பர் கட்டை வீசுவாங்களாம், இவங்க ஓடிப்போய்ப் பொறுக்குவாங்களாம். காலையில எட்டே முக்காலுக்கு ஆட்டோவில இருந்து பிள்ளைகளை இறக்குறதும் கிட்டத்தட்ட அந்த ஸ்டைல்தான் :-)

சிரிப்பு இதோட முடிஞ்சது. மூணாவது நாள் நடந்ததைச் சொல்றேன்.

நாலு பத்து இருக்கும். டேமேஜர் கால் காதுல ஓடிட்டு இருக்கு. வெயிலுக்கு பயந்து, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வேப்பமர நிழல்ல பைக்கை நிறுத்திட்டு நின்னேன். குட்டி கேட்டுக்கு வந்தா. தேடினா. என்னைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்துச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஃபோனை இந்தக் கையில பிடிச்சுட்டு அந்தக் கையைத் தூக்கி "வா"ன்னு கூப்பிட்டேன்.

ஓடி வந்துட்டா.

நின்னுட்டு இருந்த வேனுக்கு முன்னாடி இருந்து அவ வெளிய வர்றதும், ஒரு கர்நாடகா கார் வர்றதும் ஒண்ணா இருந்துச்சு. பிரேக் சத்தம் கேட்டுது. அதுக்கப்புறம் ரெண்டு மூணு செகண்ட் என்ன நடந்துச்சுன்னு எனக்கு இன்னமும் ஒழுங்கா ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்கிறது, அவளோட ரோஸ் கலர் வாட்டர் பாட்டில் உருண்டு போய் டயருக்கு அடியில நசுங்கினது மட்டும்தான். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. டிரைவர் இறங்கி வந்து என்னைக் கன்னடத்துல திட்டினார். ஒரு வார்த்தைகூடப் புரியல. ஆனா எல்லாம் புரிஞ்சுது. காதுல டேமேஜர் "ஹலோ, லைன்ல இருக்கீங்களா"ன்னு கேட்டுட்டே இருந்தார்.

பைக்ல ஏத்தும்போது நடுக்கத்தை மறைக்க நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். "பார்த்து வரக் கூடாதா?" அவ அழல. ரொம்ப சாதாரணமா சொன்னா: "நீங்கதானே மாமா வான்னீங்க."

இந்த வயசுப் பிள்ளைகளுக்கு, வர்ற வண்டி எவ்வளவு தூரத்துல இருக்கு, எவ்வளவு வேகத்துல வருதுன்னு கணக்குப் போடத் தெரியாது. ஒம்பது, பத்து வயசு வரைக்குமே அந்தக் கணக்கு சரியா வராதாம். தெரிஞ்ச முகம் எதிர்ல கூப்பிட்டா நடுவுல இருக்கிற ரோடு அவங்க கண்ணுல இருந்தே மறைஞ்சுடும். பெரிய மனுஷன் கூப்பிட்டா ரோடு பத்திரமா இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். ஆக, அன்னைக்கு அவ ஒரு தப்பும் பண்ணல. பண்ணினது முழுக்க நான். அக்காகிட்ட அன்னைக்கு சொல்லல. நிறைமாசக்காரிகிட்ட எப்படி சொல்றது? பாட்டில் தொலைஞ்சுடுச்சுன்னு ஒரு பொய்.

ராத்திரி தூக்கம் வரல. நம்ம தொழில்ல ஒரு விஷயம் உண்டு. ஒரு மாட்யூலுக்குள்ள இருக்கிற பக்கைக் கண்டுபிடிச்சிடலாம், அதை எழுதினவன் ஒருத்தன் இருப்பான். ரெண்டு மாட்யூல் சேர்ற இடத்துல வர்ற பக்தான் உயிரை எடுக்கும். இவன் "நான் அனுப்பிட்டேன்"பான், அவன் "எனக்கு வரலை"ம்பான். வீடு ஒரு மாட்யூல், ஸ்கூல் ஒரு மாட்யூல். பிள்ளை இதுல இருந்து அதுக்குப் போற அந்தப் பத்து நிமிஷம் யார் கணக்குல இருக்கு? வாத்தியார் அனுப்பிட்டார், மாமா இன்னும் வாங்கிக்கல. நடுவுல ஒரு ஏழு வயசு.

யோசிச்சுப் பார்த்தா, நாம பேப்பர்ல படிச்சு நெஞ்சடைச்சுப் போன நிறைய சம்பவங்கள் இந்த இடைவெளியிலதான் நடந்திருக்கு. 2012 ஜூலை 25. தாம்பரம் பக்கத்துல முடிச்சூர். ஸ்கூல் பஸ்ஸோட தரையில இருந்த ஓட்டை வழியா ரெண்டாம் வகுப்புப் பொண்ணு விழுந்து, பின் சக்கரம் ஏறி இறந்து போனா. கொஞ்ச நாள் முன்னாடிதான் அந்த வண்டிக்கு எஃப்.சி. குடுத்திருந்தாங்க. ஹைகோர்ட் தானே முன்வந்து கேஸை எடுத்துச்சு, அந்த வருஷமே தமிழ்நாட்டுல பள்ளி வாகனங்களுக்குன்னு தனி விதிகள் வந்துச்சு. 2022 மார்ச் 28, சென்னை வளசரவாக்கம். ரெண்டாம் வகுப்புப் பையன் வேன்ல இருந்து இறங்கினவன், எதையோ எடுக்கத் திரும்பி வந்திருக்கான். டிரைவருக்கு அவன் வந்தது தெரியாது. வண்டி நகர்ந்துடுச்சு. இது நடந்தது ரோட்டுல இல்லைங்க, ஸ்கூல் வளாகத்துக்குள்ளயே. அதுக்கப்புறம்தான் வண்டிக்கு முன்னும் பின்னும் கேமரா, சென்சார் எல்லாம் கட்டாயம்னாங்க. ரெண்டுலயும் ரெண்டாம் வகுப்பு. குட்டியும் ரெண்டாம் வகுப்பு. அன்னைக்கு ராத்திரி எனக்கு இதெல்லாம் ஏன் ஞாபகம் வரணும்?

2025 ஜூலை 8 இன்னும் மறந்திருக்க மாட்டீங்க. கடலூர் செம்மங்குப்பம் ரயில்வே கேட். காலையில ஸ்கூல் வேன் மேல விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூணு பிள்ளைங்க போயிட்டாங்க. அது இன்டர்லாக் இல்லாத கேட். அதாவது, கேட் மூடினாத்தான் ரயிலுக்கு சிக்னல் விழும்ங்கிற ஏற்பாடு அங்க கிடையாது. ஸ்டேஷன்ல இருந்து ஃபோன் வரும், "மூடியாச்சா", "மூடியாச்சு", அவ்வளவுதான். எங்க பாஷையில சொன்னா, அக்னாலெட்ஜ்மென்ட் வந்துச்சான்னு பார்க்கிற மெஷின் இல்லை, வாய் வார்த்தையை நம்பி ஓடுற சிஸ்டம். ஸ்கூல் வாசல்ல அந்த வாய் வார்த்தைகூட இல்லை.

மறுநாள் முதல் வேலையா கேட் பக்கத்துலயே போய் நின்னேன். அங்கதான் அந்தப் பாட்டியை ஒழுங்கா கவனிச்சேன். கேட் ஓரத்துல சாக்கு விரிச்சு மாங்காய், நெல்லிக்காய், இலந்தவடை விக்கிறவங்க. மணி அடிச்சதும் வியாபாரத்தை விட்டுட்டு எந்திரிச்சு ரோட்டுப் பக்கமா வந்து நின்னுடுறாங்க. "ஏய், வேனுக்குப் பின்னாடி போகாதத்தா", "இங்கிட்டு நில்லுடா, ஒங்கப்பன் இன்னும் வரல", "தம்பி, நீ யாரு, அந்தப் புள்ளைய எதுக்குக் கூப்புடுற?" கடைசிக் கேள்வி எனக்கு! தாய்மாமன்னு சொன்னதுக்கு நம்பல. குட்டியைக் கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் விட்டாங்க. முந்தின நாள் நடந்ததையும் பார்த்திருக்காங்க போல. "அங்கிட்டு நின்னு கூப்புடாதய்யா. நீ இங்கிட்டு வந்து கையப் புடி"ன்னாங்க. தலையாட்டினேன். மாசம் இவ்வளவுன்னு சம்பளம் குடுத்து வைக்க வேண்டிய ஆளு, அஞ்சு ரூபாய்க்கு நெல்லிக்காய் வித்துட்டு இந்த வேலையை சும்மா பார்த்துட்டு இருக்காங்க.

ஸ்கூல்லயும் போய்ப் பேசினேன். "கேட்டுக்கு உள்ள வரைக்கும் எங்க பொறுப்பு சார்"னு சொன்னாங்க. கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சா, இருக்கிற டீச்சர்களை வச்சு அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க? நாலஞ்சு பெற்றோரும் ஆட்டோ அண்ணன்களும் சேர்ந்து பேசினோம். (நான் பெற்றோர் லிஸ்ட்லயே இல்லை, சும்மா நுழைஞ்சுக்கிட்டேன்.) ஒண்ணும் பெருசா இல்லை. ஆட்டோவும் வேனும் கேட்டைத் தாண்டி ஐம்பது அடி தள்ளிப்போய், ஒரே வரிசையில, ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்லாத மாதிரி நிக்கணும். சின்னக் கிளாஸ் பிள்ளைங்களை அஞ்சு நிமிஷம் முன்னாடி விடணும், பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்த ஆள் கையில குடுத்து அனுப்பணும். முதல் விஷயம் ஒரு வாரம் ஒழுங்கா நடந்துச்சு. மழை வந்ததும் எல்லாரும் பழையபடி கேட்டுலயே வந்து நின்னுட்டாங்க. ரெண்டாவது விஷயத்துக்கு ஸ்கூல் ஒத்துக்கிட்டாங்க, அது மட்டும் தங்கிடுச்சு.

மழைன்னதும் அடுத்த கதை. எங்க தீவுல நவம்பர் மழையை லேசா நினைச்சிடாதீங்க. 2024 நவம்பர் 20 அன்னைக்கு ஒரே நாள்ல ராமேஸ்வரத்துல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டித் தீர்த்துச்சு. அந்த அளவுக்கு இந்தத் தடவை இல்லைன்னாலும், ரெண்டு வாரம் சேர்ந்தாப்ல தூறல். மழை நாள்ல பைக் வேணாம்னு அம்மா சொன்னதால குட்டி ஷேர் ஆட்டோவுல போனா. ஆட்டோவோட ரெண்டு பக்கமும் படுதா இறக்கி விட்டிருக்கும். உள்ள ஒம்பது பிள்ளைங்க, தொடை மேல தொடை. அதுல ஒருத்தனுக்கு இருமல்.

அந்தப் பையனோட அம்மா நண்டு கம்பெனிக்குப் போறவங்க. ஒரு நாள் போகலைன்னா அன்னைக்குக் கூலி இல்லை. காய்ச்சல் பிள்ளையை வீட்ல வச்சா அவங்களும் வீட்ல இருக்கணும். அதனால காலையில ஒரு மூடி பாரசிட்டமால் சிரப் குடுத்து அனுப்பியிருக்காங்க. அது பதினொரு மணி வரைக்கும் தாங்கும். ஏறும்போது ஆட்டோ அண்ணன் தொட்டுப் பார்த்திருந்தாலும் சூடு தெரிஞ்சிருக்காது. எர்ரர் மெசேஜை மட்டும் மறைச்சுட்டு புரொடக்‌ஷனுக்கு அனுப்புற மாதிரி. நானும் அதைப் பண்ணவன்தான், யாரையும் குத்தம் சொல்ற யோக்கியதை எனக்கு இல்லை. இது போதாதுன்னு, வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவ் போடாத பிள்ளைக்கு சர்டிஃபிகேட் வேற தர்றாங்க. காய்ச்சலோட வந்து பக்கத்துல இருக்கிறவனுக்கும் குடுத்துட்டுப் போறதுக்கு ஒரு பரிசு!

லேசா ஒரு கொசுவத்தி. 2009-ல நான் ஏழாம் வகுப்பு. அந்த ஜூன்ல உலக சுகாதார நிறுவனம் பன்றிக்காய்ச்சலை உலகத் தொற்றுன்னு அறிவிச்சது. ஆகஸ்ட்ல சென்னையில நாலு வயசுப் பையன் ஒருத்தன் இறந்த செய்தி வந்ததும் எங்க கிளாஸே கர்ச்சீப் கட்டிட்டு வந்துச்சு. நாங்க அதை வச்சு கொள்ளைக்காரன் விளையாட்டு விளையாடினோம். அதே எச்1என்1 இப்போ வருஷா வருஷம் வந்து போற சாதாரணக் குளிர்கால விருந்தாளி ஆயிடுச்சு. நமக்குக் குளிர்காலம்னு ஒண்ணு இல்லை, அதனால மழையோட வருது. புதுச்சேரியில 2022 செப்டம்பர்ல ஒரு தடவை, 2023 மார்ச்ல ஒரு தடவை, ஃப்ளூவுக்காக எட்டாம் வகுப்பு வரைக்கும் லீவே விட்டாங்க. அந்த மார்ச்ல நம்ம பக்கம் 1000 இடத்துல காய்ச்சல் முகாம் போட்டாங்க.

சரி, வீட்டுக்கு வர்றேன். அக்காவுக்குப் பையன் பொறந்தான். சுகப் பிரசவம். குட்டி தரையில கால் பாவாம திரிஞ்சா. ஸ்கூல் விட்டு வந்ததும் பையைத் தூக்கி எறிஞ்சுட்டு நேரா தம்பிகிட்டதான். எட்டாவது நாள் சாயங்காலம் வந்தவ, தம்பியைப் பார்க்கப் போகாம என் மடியில வந்து படுத்தா. தொட்டா கொதிக்குது. 102.

அப்போ வயித்துல ஒரு குளிர் பரவுச்சு பாருங்க, கார் பிரேக் சத்தம் கேட்டப்போ பரவின அதே குளிர். எட்டு நாள் குழந்தை. பெரியவங்களுக்கு மூணு நாள் உடம்பு வலியோட போறது, பச்சைக் குழந்தைக்கு அப்படிப் போகாது. டாக்டர் குட்டியைப் பார்த்துட்டு ஃப்ளூவாத்தான் இருக்கும்னார். ஆன்டிபயாடிக் எதுவும் எழுதல, வைரஸுக்கு அது கேக்காதுன்னார். நாங்களா கேட்டும் எழுதல, அந்த டாக்டருக்கு ஒரு கும்பிடு. தண்ணி, கஞ்சி, தூக்கம், எடைக்கு ஏத்த அளவு பாரசிட்டமால். ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்குத் தரவே கூடாதுன்னார். மூச்சு வாங்கினாலோ, தண்ணி குடிக்காம சோர்ந்து கிடந்தாலோ உடனே தூக்கிட்டு வரணும். அப்புறம் கைக்குழந்தையைப் பத்திக் கேட்டார். சொன்னோம். "பொண்ணை வேற வீட்டுக்கு மாத்துங்க. குழந்தைக்கு லேசா சூடு தெரிஞ்சாலும் மருந்து குடுத்துப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க, நேரா இங்க வாங்க."

ஃப்ளூ தடுப்பூசி ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தைக்குப் போட முடியாது. கர்ப்பத்துலயே அம்மாவுக்குப் போட்டா அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கும் கொஞ்சம் போகும். அக்காவுக்குப் போடல. யாரும் சொல்லல, எங்களுக்கும் கேக்கத் தெரியல. அரசாங்கத்தோட இலவசத் தடுப்பூசி அட்டவணையில இது கிடையாது. தனியாரா வருஷா வருஷம் காசு குடுத்துப் போட்டுக்கணும். நண்டு கம்பெனி அம்மாவுக்கு அது எத்தனை நாள் கூலின்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

குட்டியை நாலு தெரு தள்ளி இருக்கிற அவ அப்பத்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். நானும் அங்கேயே தங்கிட்டேன். அவளோட ஒரே பைக்ல, ஒரே தட்டுல சாப்பிட்டவன், நான் மட்டும் எப்படி அந்த வீட்ல இருக்கிறது? மாஸ்க் மாட்டிட்டு, தெருவுல நின்னு, ஜன்னல் வழியா அம்மாகிட்ட பேசினேன். "பால் குடிச்சானா? உடம்பு சுடுதா?" ராத்திரி பன்னெண்டுக்கும் மூணுக்கும் ஃபோன். அம்மா கடுப்பாகி "நீ தூங்குடா முதல்ல"ன்னாங்க. ரெண்டு ராத்திரி தூங்கல. மூணாவது நாள் குட்டிக்கு சூடு விட்டுச்சு. பையனுக்கு ஒண்ணும் வரல. ஏன் வரலைன்னு எனக்குத் தெரியாது. சாமியா, சாயங்காலம் வந்ததும் என் மடியில படுத்ததா, எதுவோ.

அக்காவுக்கு இப்பவாச்சும் உண்மையைச் சொல்லணும்னு தோணி, ஜன்னல் ஓரம் நின்னுட்டு அந்தக் கார் விஷயத்தையும் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "பாட்டில் தொலைஞ்சுடுச்சுன்னு நீ சொன்னப்பவே ஏதோ இருக்குன்னு நெனச்சேன்டா"ன்னா. அவ்வளவுதான். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மருந்து இல்லாமலே முழுசா ஒரு நாள் காய்ச்சல் இல்லாம இருந்தாத்தான் ஸ்கூல்னு டாக்டர் சொல்லியிருந்தார். அதுக்கு மேல ரெண்டு நாள் நான் சேர்த்துக்கிட்டேன். குட்டிக்குப் பயங்கரக் கோவம். நூறு சதவீத சர்டிஃபிகேட் போச்சாம். நானே ஒண்ணு கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி, பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். "காய்ச்சல் வந்தபோது வீட்டிலேயே இருந்ததற்காக." வாங்கிப் பார்த்துட்டு, "இதுல ஸ்கூல் சீல் இல்ல"ன்னுட்டா. ஹி ஹி.

ஆறு நாள் கழிச்சு கேட்டுல விடும்போது பாட்டி எந்திரிச்சு வந்து குட்டி நெத்தியில புறங்கையை வச்சுப் பார்த்துட்டுத்தான் உள்ள விட்டாங்க. அன்னைக்கு சாயங்காலமே எனக்கு ரயில்.

திரும்பி வந்து ரெண்டு நாள் கழிச்சு குட்டி ஃபோன் பண்ணினா.

"மாமா, இன்னைக்கு தாத்தா கூப்பிட வந்தாங்க."

"சரி."

"எதிர்ப்பக்கம் மரத்துக்கிட்ட நின்னு வா வான்னு கூப்பிட்டாங்க."

எனக்கு மூச்சு நின்னுடுச்சு. "நீ என்ன பண்ணின?"

"நான் போவேனா? தாத்தா கால் வலிக்குது கால் வலிக்குதுன்னு ரொம்ப நேரம் கூப்பிட்டாங்க. நானும் பாட்டியும் இங்கிட்டே நின்னோம். அப்புறம் அவங்கதான் மெதுவா நடந்து வந்தாங்க."